அந்நியமாதல்

வடமொழி ‘அன்ய’வுக்கு ‘வேறு, பிற’ என்று பொருள். அதன் வழி வந்தது அந்நியம். இக்கருத்துக்கான ஐரோப்பியச் சொல்லும் ‘பிற’ என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்தே கிளைத்தது. முதலில் அது சட்டச் சொல். சொத்தைப் பிறருக்குக் கைமாற்றுவதைக் குறித்தது.

ஹெகல் 1807இல் அதைத் தத்துவமாக்கினார். மனம் தான் படைத்த உலகத்தையே தனக்குப் புறம்பானதாகக் காணும் நிலை அது. 1844இல் மார்க்ஸ் பாரிஸில் எழுதிய குறிப்புகளில் அதைத் தொழிற்கூடத்துக்கு இறக்கினார்: உழைப்பவருக்கு அவர் செய்த பொருளே அந்நியமாகிறது. அக்குறிப்புகள் 1932இல்தான் முழுமையாக அச்சேறின. தமிழில் எஸ்.வி. ராஜதுரை இத்தலைப்பிலேயே நூல் எழுதினார்.

இலங்கையின் பேராதனை வளாகத்தில் திறனாய்வு படிக்கும் மாணவர் இதை விளங்கிக்கொள்ள பாரிஸ் போக வேண்டியதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் பக்கத்திலேயே, கண்டிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஆளின் பெயரே கூலியின் அளவாகிவிட்ட இச்சொல்லை மார்க்ஸ் கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ இத்தோட்ட மக்களில் பெரும்பாலோரைச் சட்டப்படியும் அந்நியராக்கியது.

பிரெஹ்ட் நாடகத்தில் சொன்ன ‘அந்நியப்படுத்தல்’ வேறு. அது பழகிய ஒன்றைப் பார்வையாளர் புதிதாய்ப் பார்த்து யோசிக்க வேண்டுமென்றே கையாளும் உத்தி; மார்க்ஸ் சொன்னதோ நோய். கட்டுரைகளில் இரண்டையும் குழப்புவோர் ஏராளம்.