முப்பது வயதும் முதுமை பற்றிய அச்சமும்

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்தியரின் சராசரி ஆயுள் 24 ஆண்டுகளே. ஆகவே முப்பது வயதினர் அன்று முதியவராகவே எண்ணப்பட்டனர் என்னும் கருத்து மாணவரிடையே பரவலாக உண்டு. புள்ளிவிவரத்தைத் தவறாகப் படிப்பதால் விளையும் முடிவு இது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி ஆயுள் கணிப்பாளர் ஹார்டி வகுத்த அட்டவணையில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஏறத்தாழ 24 ஆண்டுகள்தாம். அந்தச் சராசரியைத் தாழ்த்தியவை பெரும்பாலும் குழந்தைகளின் மரணங்கள். முப்பதை எட்டியவர் மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்வார் என எதிர்பார்க்க இடமிருந்தது.

மருத்துவ நூல்களும் முப்பதை முதுமையெனக் கொள்ளவில்லை. சரக சம்ஹிதை முப்பது முதல் அறுபது வரையிலான காலத்தை நடுவயது என்கிறது. சுசுருத சம்ஹிதையின்படி முதுமை தொடங்குவது எழுபதுக்குப் பின்னரே. எனினும் தேய்மானம் பற்றிய கவலை பழையது. பத்தாண்டுக்கு ஒன்றாக உடல் இழப்பவற்றை வரிசைப்படுத்தும் சார்ங்கதர சம்ஹிதை, முதலில் குழந்தைமையையும் அடுத்து வளர்ச்சியையும் மூன்றாவதாக மேனிப்பொலிவையும் வைக்கிறது. முப்பதில் கண்ணாடி பார்த்துக் கவலையுறுதல் இன்றைய புதுமையன்று.

ஆனால் அக்கவலை எத்தனை பேருக்கு உரியதாயிருந்தது? குடியேற்றக்காலக் கணக்கெடுப்புகளில் 29, 31 ஆகிய வயதுகளைக் கூறியோரைவிட 30 எனக் கூறியோர் மிகப் பலர். தம் பிறந்த ஆண்டை அறியாதோர் முழு எண்ணைக் கூறியதன் விளைவு அது. அத்தகையோருக்கு முப்பதாவது பிறந்தநாள் என்றொரு வாயிலே இல்லை. அவர்கள் அஞ்சியது மெல்ல வரும் மூப்பினும், திடீரென வரும் சாவையே எனக் கருத வலுவான காரணங்கள் உண்டு. காலரா, பிளேக், பெண்களுக்குப் பேறுகால மரணம் என அதற்குப் பல வடிவங்கள் இருந்தன. 1918இன் இன்புளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வழக்கமாகக் காய்ச்சலைத் தாங்கும் இருபது முதல் நாற்பது வயதினரையே அது பெரிதும் தாக்கியது. 1921 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1911ஐவிடக் குறைந்தே காணப்பட்டது.

இன்று பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். முப்பதை எட்டுவோர் முன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான காலம் விரிகிறது. அதை எந்த உடலோடு கடப்பது என்னும் கேள்வி நீண்ட ஆயுளின் உடன்பிறப்பு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கான அரசின் பரிசோதனைத் திட்டமும் முப்பது வயதிலிருந்தே தொடங்குகிறது. முன்பு பதிவேட்டில் தோராயமாக எழுதப்பட்ட ஓர் எண், இன்று சுகாதார நிலையத்துக்கு அழைக்கும் எண்ணாகியுள்ளது. முப்பதைக் கடப்போரின் கவலையை வெறும் தன்முனைப்பு என ஒதுக்குவோர், அக்கவலை கொள்ளுமளவுக்கு நீண்ட எதிர்காலம் முந்தைய தலைமுறைகளுக்கு உறுதியாயிருக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.