காந்தம் அசைந்த வரலாறு

பழம்புலவர் 'மின்' என்றது வானத்து மின்னலை. அது செம்புக் கம்பிச் சுருளொன்றிலும் பிறக்கும் என்பதை உலகம் அறிந்தது 1831ஆம் ஆண்டில்தான். வள்ளூரின் உயர்ந்த புகைபோக்கிகளைக் காணுந்தோறும் எனக்கு அந்த ஆண்டே நினைவுக்கு வருகிறது.

கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, நூல் கட்டும் தொழில் பயின்று, பின்னர் அறிவியலறிஞரானவர் மைக்கேல் பாரடே. அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள், இலண்டனில், உள்ளீடற்ற காகித உருளையொன்றில் சுற்றிய கம்பிச் சுருளுக்குள் காந்தக் கோலொன்றை விரைந்து செலுத்தினார். கால்வனாமீட்டரின் முள் துள்ளியது. கோலை உள்ளேயே வைத்திருந்தார், முள் ஓய்ந்துவிட்டது. வெளியே இழுத்தார், எதிர்ப்புறம் துள்ளியது. காந்தம் எத்துணை வலியதாயினும், அசையாதிருக்கும்வரை சுருளில் மின்னழுத்தம் பிறவாது. அசைவின் விரைவும் கம்பியின் சுற்றுகளும் மிகுந்தால் அழுத்தமும் மிகும். அடுத்த ஆண்டே பாரிஸில் பிக்சி என்பார் கைப்பிடியால் காந்தத்தைச் சுழற்றும் பொறியைச் செய்தார்.

சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓடியது. வடசென்னையில் பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் எழுந்தது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. (அது 2017இல் மூடப்பட்டது.) 1994இல் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2012 முதல் வள்ளூர் நிலையமும் மின்சாரம் தரலாயின. வள்ளூரில் மூன்று அலகுகள். ஒவ்வொன்றும் 500 மெகாவாட். அங்கும் சுழல்வது காந்தமே. ஆனால் அது மின்னோட்டத்தால் காந்தமாக்கப்பட்ட பெரும் உருளை; நிமிடத்திற்கு 3000 முறை சுழல்வது. சுருள் அதனைச் சூழ அசையாது நிற்கிறது.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தியொன்றை லென்ஸ் 1834இல் கண்டுரைத்தார். சுருளில் பிறக்கும் மின்னோட்டம், தன்னைப் பிறப்பித்த அசைவையே தடுக்க முனையும். பெற்ற தாயைத் தடுக்கும் பிள்ளை எனலாமோ! நம் இல்லங்களில் விளக்குகள் கூடக்கூட, வள்ளூரில் காந்தத்தைச் சுழற்றுவது கடினமாகிறது. அதை ஈடுசெய்ய நீராவி கூடுதலாக வேண்டும். நீராவிக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி எரிந்தால் சாம்பல். பாரடே தம் கையின் வலிவையே செலவிட்டார். இங்கே அச்செலவை ஏற்பவர் வேறு.

இவ்வட்டார அனல்மின் நிலையங்களின் சாம்பல், குழாய்க் கசிவுகளின் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பல ஆண்டுகளாகக் கலந்துள்ளது. நீரின் ஆழம் குறைந்தது, படகுகள் தரைதட்டின, மீன்பாடும் குறைந்தது. மீனவர் முறையிட்டனர், வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றன. கழுத்தளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்போர் இன்றும் அங்குண்டு. சேற்றைத் துழாவும் அவர்கள் விரல்களில் சாம்பலும் ஒட்டிவருகிறது.