கிராணி

மலேசியாவின் கிள்ளான் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குக் ‘கிராணியார்’ என்றால் விடிகாலைப் பெரட்டுதான், அதாவது ஆள் கணக்கெடுப்புதான், நினைவுக்கு வரும். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். அதில் ஒரு கோடு விழாமல் போனால் அன்றைய கூலி இல்லை. அவ்வளவு கனம் அந்தப் பேனாவுக்கு.

சொல்லின் வேர் ‘கரணம்’. எழுத்தர், கணக்கர் என்று பொருள்படும் வடசொல். சோழர் கல்வெட்டுகளில் ஊர்க்கணக்கரைக் ‘கரணத்தான்’ என்பார்கள். தமிழ்நாட்டில் 1980இல் ஒழிக்கப்பட்ட கர்ணம் பதவியின் பெயருக்கும் இதே வேர்தான். இந்தியில் ‘கிரானி’ ஆகி, மலாயில் ‘கெரானி’ என நிலைத்தது. நாம் ‘கிராணி’ என்கிறோம். ஊரில் கரணமாக இருந்த சொல்லைக் கடல் கடந்து வேறு உருவில் சந்தித்தோம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தோட்டத்தில் மட்டுமல்ல, அரசு அலுவலகங்களிலும் கிராணிகள் இருந்தார்கள். சிலாங்கூரின் தலைநகர் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1896இல் நான்கு மலாய் மாநிலங்கள் ஒரே கூட்டரசாயின. கருவூலத்திலும் ரயில்வேயிலும் கணக்கெழுத யாழ்ப்பாணத்துக் கிராணிமார் பலர் வந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த குவார்ட்டர்ஸ் என்ற ஊழியர் குடியிருப்பு அவர்களால் நிறைந்தது. பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, ரப்பர் விலை சரிந்தது. 1932இல் கூட்டரசு செலவுக்குறைப்பு ஆணையம் அமைத்தது. அலுவலகங்களைச் சேர், பதவிகளைக் குறை என்ற பேச்சு எழுந்தாலே கிராணி வீடுகளில் அடுப்பங்கரை வரை கலக்கம்தான். வேலையோடு குவார்ட்டர்ஸும் போய்விடுமே!

மலாயில் எழுத்தர் பணிக்கு இன்றும் ‘பெர்கெரானியான்’ என்றே பெயர். நடுவில் நம் கரணம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.