மூலப் பொதியும் பைனரி பொதியும்

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாணவர்கள் வழியே தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் லினக்ஸைக் கொண்டுவந்தது. பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. முதல் பதிப்பு 2007-இல் வெளிவந்தது. பாஸ், உபுண்டு உள்ளிட்ட டெபியன் வழி இயங்குதளங்களில் மென்பொருள் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. மனிதர் படித்துத் திருத்த மூலப் பொதி. கணினியில் நிறுவ பைனரி பொதி.

மூலப் பொதி ஒற்றைக் கோப்பு அல்ல. மென்பொருளை எழுதியவர்கள் வெளியிட்ட நிரல் தொகுப்பு, டெபியன் தன்னார்வலர்கள் சேர்த்த ‘டெபியன்’ அடைவு, இவற்றை விவரிக்கும் சிறு கோப்பு ஆகியவை சேர்ந்ததே அது. அடைவிலுள்ள ‘கன்ட்ரோல்’ கோப்பு எந்தெந்த பைனரி பொதிகள் பிறக்க வேண்டும் என்பதையும், ‘ரூல்ஸ்’ கோப்பு அவற்றை உருவாக்கும் முறையையும் சொல்கின்றன.

ஒரே மூலத்திலிருந்து பல பொதிகள் பிறப்பதால்தான் குழப்பம் வருகிறது. லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகம் ‘லிப்ரேஆபிஸ்-எல்10என்-டிஏ’ என்ற தனிப் பொதியாக நிறுவப்படுகிறது. அதே பெயரில் மூலப் பொதியைத் தேடினால் கிடைக்காது. ரைட்டர், கால்க் ஆகியவற்றோடு அதுவும் ‘லிப்ரேஆபிஸ்’ என்ற ஒரே மூலத்திலிருந்து வருகிறது. அச்சிட்ட தமிழ்ப் பக்கங்களை எழுத்தாக்கும் ‘டெசராக்ட்-ஓசிஆர்-டாம்’ பொதிக்கு மூலம் ‘டெசராக்ட்-லாங்’; பிற மொழிகளின் தரவுகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

எந்த பைனரிக்கு எது மூலம் என்ற உறவைக் கண்டறிய வழி உண்டு. நிறுவிய ஒவ்வொரு பொதியைப் பற்றியும் பொதி மேலாண்மைக் கருவியான ‘டிபிகேஜி’ வைத்திருக்கும் பதிவில் ‘சோர்ஸ்’ என்ற வரி மூலத்தின் பெயரைச் சொல்கிறது. இரண்டு பெயர்களும் பதிப்பு எண்களும் ஒன்றானால் அந்த வரியே இராது. அது விடுபட்ட தகவல் அல்ல. ‘ஆப்ட் சோர்ஸ்’ கட்டளை பைனரி பெயரைக் கொடுத்தாலும் உரிய மூலத்தை இறக்கித் தரும். ஆனால் களஞ்சியப் பட்டியலில் மூலப் பொதிகளுக்கான வரி இயக்கப்பட்டிருக்க வேண்டும். ரெட் ஹாட், ஃபெடோரா வகை இயங்குதளங்களில் ‘ஆர்பிஎம்’ பொதியின் விவரத்திலேயே மூலப் பொதியின் பெயர் காணப்படும்.

பாதுகாப்பில் இந்த உறவு மிக முக்கியமானது. 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது டெபியன் அறிவிப்பு ‘ஓபன்எஸ்எஸ்எல்’ என்ற மூலத்தின் பெயரில் வந்தது. ஓட்டை இருந்த நூலகமோ கணினிகளில் ‘லிப்எஸ்எஸ்எல்1.0.0’ என்ற பெயரில் நிறுவப்பட்டிருந்தது. 2024 மார்ச் 29 அன்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அம்பலப்படுத்திய, ‘எக்ஸ்இசட்’ என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் நடந்த சதி இன்னும் நுட்பமானது. தீய நிரலை இயக்கிவிடும் வரி அந்த மென்பொருளின் பொது நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய மூலத் தொகுப்பில் மட்டுமே இருந்தது. ‘லிப்எல்இசட்எம்ஏ5’ என்ற பைனரிக்குள் தீய நிரல் நுழைந்த வழி அதுதான். ஒரே மூலத்தை யார் தொகுத்தாலும் பிட் மாறாமல் ஒரே பைனரி வர வேண்டும் என்று டெபியன் முயன்றுவருகிறது. அது தேவையான முயற்சியே. ஆனால் மூலத் தொகுப்பே கெட்டிருந்தால் அது மட்டும் போதாது.

தமிழ் இடைமுகத்தில் பிழை காண்பவர்கள் நிறுவிய கோப்பை மட்டும் திருத்திவிட்டு நிற்க வேண்டாம். அடுத்த மேம்படுத்தலில் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். திருத்தத்தை மூலத்தைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். அங்கே ஏற்கப்பட்டால் அடுத்தடுத்த பதிப்புகளில் எல்லாத் தமிழ்ப் பயனர்களுக்கும் அது கிடைக்கும்.