கேள்வி மாறினால் கணக்கும் மாறும்



மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி நம் மேல்பட்டாம்பாக்கத்தில் என்னிடம் வருகிறவர்கள் பலர். "ஊனத்தின் வகை, சதவீதம்" என்ற இடம் வந்ததும் தயங்குவார்கள். "சார், எனக்கு ஒரு கண்ணுல பார்வை இல்ல. நான் இதுல வருவேனா?" இதற்கு நம் நாட்டில் காலத்துக்கு ஒரு பதில் இருந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1931 வரை பார்வையற்றோர், காது கேளாதோர், மனநோயாளிகள், தொழுநோயாளிகள் என்று எழுதினார்கள். 1941 முதல் 1971 வரை அந்தக் கேள்வியே இல்லை. 1981-ல், ஐ.நா. அறிவித்த ஊனமுற்றோர் ஆண்டில், மறுபடி கேட்டார்கள். ஆனால் "முற்றிலும்" பார்வையோ பேச்சோ நடமாட்டமோ இல்லாதவர்களை மட்டும். நாடு முழுக்கச் சுமார் 11 லட்சம் பேர்தான் தேறினார்கள். 1991-ல் கேள்வி போய்விட்டது. மாற்றுத்திறனாளிகள் போராடியதால் 2001-ல் திரும்பி வந்தது. அப்போது 2.19 கோடி!

நம் மாநிலக் கணக்கு இன்னும் விசித்திரம். 2001-ல் 16.42 லட்சம் பேர், 2011-ல் 11.80 லட்சம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் 9.64 லட்சத்திலிருந்து 1.27 லட்சமாகக் குறைந்தார்கள். பத்து வருஷத்தில் இத்தனை பேருக்குக் கண் திறந்துவிடவில்லை. ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரை 2001-ல் கணக்கில் சேர்த்தார்கள், 2011-ல் விட்டுவிட்டார்கள். காதுக்கருவி போட்டவர் கதை நேர்மாறு: முதலில் விட்டார்கள், பிறகு சேர்த்தார்கள்.

சட்டமும் அப்படித்தான். 1995 சட்டத்தில் 7 வகை. 2016 சட்டத்தில் 21. சலுகைகளுக்கு அடிப்படை 40 சதவீதம். ஆனால் மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியத்துக்கு 80. நம் மாநிலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்புத் தொகைக்கு 75. ஒரே ஆள் ஒரு படிவத்தில் உண்டு, இன்னொன்றில் இல்லை.

அந்த ஒரு கண் கேள்விக்கு இன்றைய பதில்: மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். ஆனால் அந்தக் கண்ணும் மங்கினால் சதவீதம் கூடும். ஆகவே ஒருமுறை தள்ளுபடியானதோடு சோர்ந்து உட்காராதீர்கள். மருத்துவக் குழுவிடம் மறுபரிசோதனை கேளுங்கள். சதவீதத்தை நீங்களாக எழுதாதீர்கள், சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். எந்தத் திட்டத்துக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். வீட்டுக்கு வருகிறவர் அவசரத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாலும், நீங்கள் விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் நினைத்து நிதானமாகப் பதில் சொல்லுங்கள். எண்ணப்படாதவருக்கு எந்தத் திட்டமும் வந்து சேராது.