நீவும் கைக்கு யார் பொறுப்பு? சிங்கப்பூரில் மென்தொடு சிகிச்சையின் இடம்

சிங்கப்பூரில் முதுகுவலிக்குக் கைவைத்தியம் தேடிப் போகும் ஒருவர் எந்தப் படியேறுகிறார் என்பதைப் பொறுத்து அவரைக் காக்கும் சட்டம் மாறிவிடுகிறது. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் அவர் முதுகைத் தொட்டால், அது 2011ஆம் ஆண்டின் துணைநல மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்படி பதிவுபெற்ற கை. சைனாடவுனில் அக்குபங்சர் செய்துகொண்டால், ஊசி குத்துபவர் 2000ஆம் ஆண்டின் சீன மரபு மருத்துவர்கள் சட்டத்தின்படி பதிவுபெற்றவர். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டால், அங்கே வந்து நிற்பது 2017ஆம் ஆண்டின் மசாஜ் நிலையங்கள் சட்டம். உரிமம் கொடுப்பது காவல்துறை.

காவல்துறையின் கவலை நியாயமானதுதான். மசாஜ் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பாலியல் தொழில் நடப்பதைத் தடுக்கவே 2018 மார்ச்சில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. உரிமமின்றி நிலையம் நடத்தினால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆனால், நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் சுடவைத்த எண்ணெயை ஊற்றலாமா, பிள்ளை பெற்று பத்து நாளான பெண்ணின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தால் அதை நீவலாமா என்பவை காவல்துறை கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. பயிற்சிச் சான்றிதழ் பற்றி உரிம நிபந்தனைகள் என்ன சொன்னாலும், யாரைத் தொடாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது மருத்துவக் கேள்வி.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: மென்மையாக நீவும் சிகிச்சைக்குத் துணை மருத்துவமாக ஓர் இடம் உண்டு. அந்த இடம் விளம்பரப் பலகைகள் சொல்வதைவிடச் சிறியது. அந்தச் சிறிய இடத்தையாவது காப்பாற்ற வேண்டுமானால், பொறுப்பு சுகாதார அமைச்சின் பக்கம் நகர வேண்டும்.

மரபு என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கலாம். சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதற்குள் ஒன்பது செயல்கள். வர்ம மருத்துவம் இன்னும் நுட்பமானது: படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களைக் கணக்கிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம், எத்தனை நொடி என்று கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் சீடர்களுக்கு நேரில் கற்றுக்கொடுத்து வந்தனர். முரட்டுக் கை அங்கே திறமையாக மதிக்கப்படவில்லை; அது ஆபத்தாகவே கருதப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் சித்த மருத்துவக் கல்லூரிகளில் வர்மமும் புறமருத்துவமும் பாடமாக இருக்கின்றன. அங்கே பெறும் பட்டம் இந்தியாவில் சட்டம் ஏற்ற பட்டம். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அதற்குச் சட்ட மதிப்பு ஏதும் இல்லை. சித்தத்துக்கோ ஆயுர்வேதத்துக்கோ சிங்கப்பூரில் சட்டப்பூர்வப் பதிவேடு கிடையாது. இதை இந்திய மருத்துவத்தின் மீதான பாரபட்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கைரோபிராக்டர்களுக்கும் ஆஸ்டியோபதி செய்வோருக்கும் அங்கே அதே நிலைதான்.

ஏடும் ஆசானும் இல்லாமலேயே இக்கலை இந்நகரில் வேரூன்றியது. சுளுக்கு வழிக்கவும் வாய்வுப் பிடிப்புக்கு நீவிவிடவும் கைராசிக்காரர் ஒருவர் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருந்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடம்பு பிடித்துவிடும் வழக்கம் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் பொது. மலாய் 'உருட்' மசாஜுக்கு இன்றும் எல்லா இனத்துத் தாய்மாரும் சொல்லி வைத்துக் காத்திருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான கண்டாங் கெர்பாவில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஓர் ஆண்டில் ஒரே மருத்துவமனையில் நடந்த பிறப்புகளுக்கான கின்னஸ் சாதனை அது. அத்தனை தாய்மாரும் வீடு திரும்பியபோது அவர்களின் இடுப்பையும் காலையும் தொட்ட கைகளைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசவில்லை.

இனி ஆதாரத்துக்கு வருவோம். இங்கேதான் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: சிகிச்சையின் பெயரைப் பற்றிக்கொண்டு வாதாடுகிறார்கள்.

2011இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் டேனியல் செர்கின் குழுவினர் நாட்பட்ட இடுப்புவலிக்காரர் 401 பேரை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்குத் திசுக்களைக் குறிவைத்த நுட்பமான மசாஜ். இன்னொன்றுக்கு வெறுமனே உடம்பைத் தளர்த்தும் மென்மையான மசாஜ். மூன்றாவதற்கு வழக்கமான மருத்துவம் மட்டும். 10 வாரம் கழித்து, வலி பெரிதும் குறைந்தது அல்லது போய்விட்டது என்றவர்கள் மசாஜ் பிரிவுகளில் மூவரில் ஒருவருக்கும் அதிகம். வழக்கமான மருத்துவப் பிரிவில் நூற்றுக்கு 4 பேர்தான். நுட்பமான மசாஜுக்கும் மென்மையான மசாஜுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஓர் ஆண்டு முடிவில் பலன் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

இந்த ஒரே ஆய்வில் இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. மெல்ல நீவினால் போதும், எலும்பு நொறுங்க அழுத்த வேண்டியதில்லை. அந்தப் பலன் நிரந்தரமும் இல்லை. 2015இல் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முடிவு இன்னும் தயக்கத்தோடு வந்தது: குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், ஆதாரத்தின் தரம் மிகத் தாழ்வு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி மசாஜைத் தனிச் சிகிச்சையாக ஏற்கவில்லை. உடற்பயிற்சியை உள்ளடக்கிய தொகுப்பின் ஒரு பகுதியாக மட்டும் செய்யலாம் என்றது. துணை மருத்துவம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரையறை கிடைப்பது அரிது.

பெயரை நம்பி ஏமாந்ததற்கு ஆஸ்திரேலியா நல்ல எடுத்துக்காட்டு. ஜீலாங் நகரத்து டாம் போவன் (1916–1982) விரல்களால் மெல்ல உருட்டிவிட்டு, நடுவில் சில நிமிடம் கையெடுத்துக் காத்திருக்கும் ஒரு முறையைக் கையாண்டார். அவரிடம் ஆண்டுக்கு 13,000 பேர் வந்ததாக 1975இல் விக்டோரியா மாநில விசாரணை ஒன்று மதிப்பிட்டது. அவருக்குப் பின் அம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் அரசின் மறுஆய்வில் தெளிவான ஆதாரம் கிடைக்காததால், 2019 ஏப்ரல் முதல் அரசு மானியம் பெறும் தனியார் மருத்துவக் காப்பீட்டிலிருந்து நீக்கப்பட்ட 16 இயற்கைச் சிகிச்சைகளில் போவன் முறையும் ஒன்றானது. கூட்டம் கூடுவது வேறு, குணமாவது வேறு. லிட்டில் இந்தியாவின் தேக்காப் பகுதியில் சில பலகைகளில் பக்கவாதம் முதல் குழந்தையின்மை வரை நீளும் பட்டியலைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது.

'தசையுறை இறுகிவிட்டது, அதைத் தளர்த்துகிறோம்' என்ற விளக்கமும் அவ்வளவு உறுதியானதல்ல. 2008இல் சௌத்ரியும் சக ஆய்வாளர்களும் கணித மாதிரி அமைத்துப் பார்த்தனர். தொடையின் புற உறையையும் உள்ளங்காலின் உறையையும் நூற்றில் ஒரு பங்கு உருமாற்றவே மனிதக் கையால் தர முடியாத விசை வேண்டும் என்று அந்த மாதிரி காட்டியது. அப்படியென்றால் கைக்குக் கீழே என்னதான் நடக்கிறது?

விடையின் ஒரு பகுதி தோலில் இருக்கிறது. மயிருள்ள தோலில் 'சி-தொடு நரம்பு' என்னும் மெல்லிய இழைகள் உண்டு. ஸ்வீடனின் ஹோகன் ஓலாவ்சனும் பிரிட்டனின் பிரான்சிஸ் மெக்குளோனும் இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்தனர். ஒரு நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடும்போது இவை அதிகம் துடிக்கின்றன. மக்கள் இதமாக இருக்கிறது என்று சொல்லும் வேகமும் அதுவே என்பது 2009இல் வெளியான ஆய்வின் முடிவு. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் பாட்டியின் கை எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்த வேகம் இது. நரம்பு மண்டலம் தணிகிறது, தசை தளர்கிறது, வலியைப் பற்றிய அச்சம் குறைகிறது. மாற்றம் தசையுறையைவிட நரம்பின் கவனத்தில்தான் நடக்கிறது என்று எண்ண இடமுண்டு.

'வெறும் இதம்தானே, அதற்கு இத்தனை பேச்சா' என்று எதிர்ப்பாளர் கேட்கலாம். இதத்தைச் சிறுமைப்படுத்துவது சுகமான உடம்புக்காரரின் வழக்கம். லிட்டில் இந்தியாவின் கஃப் ரோட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை வேறு. வேலையில் காயம்பட்டும் சம்பளத் தகராறில் சிக்கியும் வேலையின்றி இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ அமைப்பு 2008 முதல் உணவு வழங்கும் திட்டத்துக்கு அந்தச் சாலையின் பெயரே வைக்கப்பட்டது. இழப்பீட்டு வழக்கு முடியும்வரை பல மாதம் வலியோடு காத்திருக்கும் ஒரு மனிதருக்கு, வாரம் ஒருமுறை வலி கொஞ்சம் தணிந்து ஓர் இரவு தூக்கம் வருவது அற்பமான பலன் அல்ல. ஆனால் அதே மனிதர் மருத்துவரைப் பார்க்காமல் நீவிவிடுபவரை மட்டும் நம்பிக் காலம் கடத்தினால், மருத்துவ விடுப்பும் இழப்பீடும் கேட்கத் தேவையான ஆவணம் அவர் கையில் இருக்காது. பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழுக்கே அங்கு சட்ட மதிப்பு. துணைச் சிகிச்சை முதன்மைச் சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது நேரும் கேடு சிங்கப்பூரில் உடம்போடு நிற்பதில்லை, பணத்தையும் பறிக்கிறது.

உடம்புக்கு நேரும் கேடும் சிறிதல்ல. மகப்பேற்றுக்குப் பின் ஆறு வாரம்வரை காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறையும் அபாயம் கூடுதல். உறைவு இருக்கும் காலை அழுத்தி நீவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். சிங்கப்பூரில் நீரிழிவு சீனரைவிட இந்தியரிடையே அதிகம் காணப்படுகிறது; உணர்வு மங்கிய பாதத்துக்குச் சூட்டின் அளவு தெரியாது. 2024இல் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். நொய்ந்த எலும்பு மென்மையான கையைத்தான் தாங்கும்.

ஒழுங்குமுறை வந்தால் மரபு செத்துவிடும் என்ற அச்சம் இந்த இடத்தில் எழும். சீன மருத்துவத்தின் வரலாறு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1867இல் தொடங்கிய தோங் சாய் இலவச மருத்துவ நிலையம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அறக்கட்டளைக் கருணையில் நடந்தது. 2000இல் சட்டம் வந்தது. 2005இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உயிர்மருத்துவ அறிவியலையும் சீன மருத்துவத்தையும் சேர்த்து இரட்டைப் பட்டம் தொடங்கியது. சட்டம் அந்த மரபை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. பாலத்துக்கு அப்பால் மலேசியாவோ 2016இல் மரபு, துணை மருத்துவச் சட்டம் இயற்றி, இந்திய மரபு மருத்துவத்தையும் அதற்குள் சேர்த்திருக்கிறது. பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007இலேயே மரபு மசாஜுக்கு அரசு ஒரு பிரிவு திறந்தது. ஜொகூரில் முடிவது உட்லண்ட்ஸில் முடியாமல் போக மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. தமிழர் எண்ணிக்கை சிறியது, அழுத்தம் கொடுக்க ஆளில்லை என்பதே உண்மையான காரணமாக இருக்கக்கூடும்.

பெரிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தொக்கணம், வர்மம், ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சை செய்வோர் அமைச்சின் மேற்பார்வையில் தாமாகச் சேரும் ஒரு பதிவேட்டோடு தொடங்கலாம். சேருபவர் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது. வருபவரின் நோய்களையும் மருந்துகளையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தொடக்கூடாத நிலைகளை அறிந்து, பலதுறை மருந்தகத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஆசான்கள் இவற்றை ஏற்கெனவே செய்துவருகிறார்கள். பதிவேடு அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும்.

அதுவரை நீவிவிடுபவரும் நீவிக்கொள்பவரும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். முதுகுவலியோடு சிறுநீர் கழிப்பது தடைபட்டாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ எண்ணெயைத் தொட வேண்டாம். சிராங்கூன் சாலையிலிருந்து டான் டோக் செங் மருத்துவமனையின் அவசரப் பிரிவு டாக்சியில் சில நிமிடத் தொலைவுதான்.