தன்னுண்ணல்: எலும்பிலும் குருத்தெலும்பிலும்

தன்னுண்ணல் (ஆட்டோஃபாஜி) என்பது செல் தன்னுள் பழுதடைந்த புரதங்களையும் நுண்ணுறுப்புகளையும் சிதைத்து, கிடைக்கும் மூலக்கூறுகளை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் செயல்முறை. நெடுநாள் வாழும் எலும்புச் செல்களுக்கும் அரிதாகவே பிரியும் குருத்தெலும்புச் செல்களுக்கும் இது இன்றியமையாதது.

வரலாறு

பெல்ஜிய உயிர்வேதியியலாளர் கிறிஸ்தியான் தெ துவ் 1955இல் சிதைவு நொதிகள் அடங்கிய லைசோசோமை விவரித்தார். 1963இல் தன்னுண்ணலுக்குப் பெயரிட்டார். 1974இல் ஆல்பர்ட் குளோட், ஜார்ஜ் பலாடே ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனினும் இச்செயலை இயக்கும் மரபணுக்கள் நெடுங்காலம் அறியப்படவில்லை.

1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் தொடங்கிய யோஷினோரி ஒசுமி ஈஸ்ட்டைத் தேர்ந்தார். சிதைவு நொதிகள் குறைபட்ட ஈஸ்ட்டை ஊட்டமின்றி வைத்தபோது, சிதையாத பொதிகள் சில மணி நேரத்துக்குள் லைசோசோமுக்கு ஈடான அதன் நுண்குமிழில் குவிந்தன. இம்முடிவு 1992இல் வெளியானது. மறு ஆண்டே, தன்னுண்ணல் பழுதான ஈஸ்ட் வகைகளைப் பிரித்தெடுத்து, அதற்குத் தேவையான 15 மரபணுக்களை அவரது ஆய்வகம் இனங்கண்டது. 2016இல் ஒசுமிக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வகைகள்

தன்னுண்ணல் மூவகைப்படும்.

1. பெருந்தன்னுண்ணல்: இரட்டைச் சவ்வுப் பை கழிவைச் சூழ்ந்து, பின் லைசோசோமுடன் இணையும்.
2. நுண்தன்னுண்ணல்: லைசோசோமே கழிவை நேரடியாக உள்வாங்கும்.
3. துணைப்புரதவழித் தன்னுண்ணல்: துணைப்புரதம் அடையாளம் கண்ட புரதம் லைசோசோம் சவ்வைக் கடந்து உள்ளே செல்லும்.

ஊட்டம் குறையும்போது ஏஎம்பிகே நொதி பெருந்தன்னுண்ணலைத் தூண்டும். ஊட்டம் மிகும்போது எம்டார் நொதி அதை அடக்கும்.

குருத்தெலும்பு

மூட்டுக் குருத்தெலும்பில் இரத்த நாளங்கள் இல்லை. ஊட்டமும் ஆக்சிஜனும் பெரும்பாலும் மூட்டுநீரிலிருந்து ஊடுருவி வருகின்றன. இந்த வறிய சூழலில் செல்களைக் காப்பது தன்னுண்ணலே. முதுமையிலும் மூட்டுத் தேய்விலும் யுஎல்கே1, பெக்லின்1, எல்சி3 ஆகிய தன்னுண்ணல் புரதங்கள் குருத்தெலும்பில் குறைவதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. குருத்தெலும்புச் செல்களில் தன்னுண்ணலுக்குத் தேவையான ஏடிஜி5 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு வயதானபோது மூட்டுத் தேய்வு கண்டது. எம்டாரை அடக்கும் ராபமைசின், அறுவையால் மூட்டு குலைக்கப்பட்ட எலிகளில் தேய்வின் கடுமையைத் தணித்தது. ஆகவே தன்னுண்ணலின் தளர்ச்சி மூட்டுத் தேய்வுக்கு ஒரு காரணமாகலாம்.

எலும்பு

கனிமத்துள் புதைந்து வாழும் எலும்புச் செல்களில் தன்னுண்ணலுக்குத் தேவையான ஏடிஜி7 மரபணுவை நீக்கியபோது, இளம் எலிகளின் எலும்பும் முதுமையடைந்த எலும்பை ஒத்தது. எலும்பாக்கச் செல்கள் கனிமம் படியவைக்கவும், எலும்பழிப்புச் செல்கள் அமிலமும் நொதிகளும் சுரக்கவும் தன்னுண்ணல் புரதங்களைப் பயன்படுத்துகின்றன. பி62 என்னும் தன்னுண்ணல் புரதத்துக்குரிய மரபணுவின் பிறழ்வுகள், எலும்பு ஒழுங்கற்றுப் பருக்கும் பேஜட் நோய்க்குக் காரணமாவது 2002இல் அறியப்பட்டது.

சிகிச்சை

மூட்டுத் தேய்வுக்கோ எலும்புப்புரைக்கோ தன்னுண்ணலைக் குறிவைக்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.